வாயிலேயே கார் வைத்திருந்த அக்கா

கார் போடும் சத்தத்தை வாயால் செய்துகாட்டச் சொன்னால் நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு மானம் போய்விடும். நான் செய்தால் ஆட்டுக்குட்டி கத்துவது போல இருக்கும். என் பெரியப்பா செய்தால் எல்லாக் கோளாறுக்கும் ஒரே இருமல்தான். பினாங்கில், கெலுகோரில் நான் குடியிருந்த அடுக்குமாடி பிளாட்டின் கீழ்வீட்டு அக்கா அப்படியில்லை. கண்ணை மூடி, உதட்டை ஒரு பக்கமாகக் கோணி, தொண்டைக்குள்ளிருந்து ஒரு 'க்ளக்' எடுத்தாரென்றால், பக்கத்தில் நிற்கிறவர் தன் காருக்கு அடியில் குனிந்து பார்ப்பார்.

கார் வைத்திருப்பவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். வாரம் முழுக்க டகடகவென்று உயிரை வாங்கும் வண்டி, வொர்க்‌ஷாப் வாசலை மிதித்ததும் கப்சிப் ஆகிவிடும். மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார். சமர்த்துப் பிள்ளையாக ஓடும். நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, கொண்டு போ என்பார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் முதல் சிக்னல் தாண்டியதும் மறுபடி டகடக.

அதனால் எங்கள் பிளாட்டில் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. வொர்க்‌ஷாப்புக்குப் போகும் முன் அக்காவை ஒரு சுற்று ஏற்றிக்கொண்டு போவது. அவர் பின்சீட்டில் நடுவில் உட்கார்ந்து, ரேடியோவை அடைக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொள்வார். சத்தத்தைப் பிடித்துவிட்டால் தொடையில் ஒரு தட்டு. பிறகு நேரே ஜெலுத்தோங்கில், தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் சீன முதலாளியின் வொர்க்‌ஷாப். அங்கே கார் ஊமையாகிவிட்டால் என்ன, அக்கா வாயைத் திறப்பார்.

அவர்கள் இருவரும் பேசிக்கொள்வதைக் கேட்கவே கூட்டம் சேரும். அக்கா 'டொக்... டொக்டொக்' என்பார். தவுக்கே ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, 'டொக்டொக்... டொக்?' என்று திருப்பிக் கேட்பார். அக்கா முகத்தைச் சுளித்து, கடைசி டொக்கை மட்டும் இன்னும் கொஞ்சம் ஈரமாகச் செய்து காட்டுவார். தவுக்கே தலையை ஆட்டி, "அப்சார்பர்" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குவார். அவருக்குத் தமிழ் தெரியாது, அக்காவுக்கு அவருடைய ஹொக்கியன் சீனம் தெரியாது, இருவருடைய மலாயும் அரைகுறை. ஆனால் அவர்களுக்குள் ஒரு சண்டை வந்து நான் பார்த்ததில்லை. புருஷன் பெண்டாட்டிகூட இப்படிப் பேசிக்கொண்டால் எவ்வளவோ நன்றாயிருக்கும்.

இதில் பெரிய வேடிக்கை, அக்காவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதாவது ஓட்டத் தெரியும், லைசன்ஸ் கிடையாது. அதற்கு வருகிறேன்.

எனக்கு அவர் அறிமுகமானதே என் கண்றாவியான பழக்கத்தால்தான். நான் அப்போது மருந்துக் கம்பெனி விற்பனையாளன். பினாங்குத் தீவிலும் கடல்பாலத்துக்கு அந்தப் பக்கமும் உள்ள கிளினிக்குகளுக்கு மாத்திரை மாதிரிகளைத் தூக்கிக்கொண்டு அலைவது வேலை. கார்தான் சோறு போட்டது. அந்தக் காரில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று ஒருநாள் எரிந்தது. நான் என்ன செய்தேன்? ஆரஞ்சுப் பழத்தில் ஒட்டியிருந்த குட்டி ஸ்டிக்கரை உரித்து அதன் மேல் ஒட்டிவிட்டேன். பிரச்சினை தீர்ந்தது. மூன்று வாரம் பகலில் நிம்மதியாக ஓட்டினேன்.

மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் இறக்கிவிடச் சொல்லி ஏறிய அக்கா, முன்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்து, நகத்தால் அந்த ஸ்டிக்கரை உரித்தார். மஞ்சள் விளக்கு என்னைப் பார்த்துச் சிரித்தது.

"எத்தனை நாளா மறைச்சு வச்சிருக்கீங்க, தம்பி?"

நேற்றுதான் வந்தது என்றேன். அவர் முகத்தைப் பார்த்ததும் மூன்று நாள் என்றேன். அப்புறம் ஒரு வாரம். உண்மையை அவர் கேட்கவேயில்லை, அவருக்குத் தெரிந்திருந்தது. எல்லாருமே நேற்றைக்கு வந்தது என்றுதான் சொல்வார்களாம்.

வண்டியை நிறுத்தி இறங்கிச் சுற்றி வந்தார். நான் பெட்ரோல் போட்டபின் அதன் மூடியைச் சரியாகத் திருகாமல், பாதித் திருகில் விட்டிருந்தேன். அதைத் திருகி, மூன்று தரம் 'டிக்' என்று கேட்கும்வரை விடாமல் திருகச் சொன்னார். விளக்கு அணைய இரண்டு நாள் ஆகும் என்றார். அப்படியே ஆயிற்று. நான் வேறு எதையோ நினைத்துக்கொண்டு எஞ்சினே போய்விட்டது, இந்தக் காரோடு என் வேலையும் போகப்போகிறது என்று மூன்று வாரம் ராத்திரி ராத்திரி முழித்துக் கிடந்தவன். ஒரு மூடி. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

சாமி விஷயத்தில்கூட அக்காவுக்குத் தயவு தாட்சண்யம் கிடையாது. லிட்டில் இந்தியாவில் மளிகைக் கடை வைத்திருந்த ஒரு பெரியவர், எங்கள் பிளாட்டில் இருந்த தம் மகளைப் பார்க்க வருவார். தைப்பூசம் முடிந்த பிறகு அவர் காரில் ஒரு சத்தம். இடது பக்கம் திரும்பினால் மட்டும் 'கிணிங்'. வலது பக்கம் திரும்பினால் இல்லை. மூன்று வொர்க்‌ஷாப் பார்த்தாயிற்று. பிறகு அவருக்கு ஞானம் பிறந்தது. முருகன்தான் கூப்பிடுகிறான். தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் வழியில் இடது பக்கத் திருப்பங்கள் அதிகம் என்று கணக்கு வேறு சொன்னார். ஆட்டிறைச்சியை விட்டார், கோழியை விட்டார், கடைசியில் முட்டையையும் விட்டார். ஆறு மாதம்.

மகள்தான் வற்புறுத்தி அக்காவை அந்தக் காரில் ஏற்றினாள். ஒரே ஒரு இடது திருப்பம். அக்கா வண்டியை நிறுத்தச் சொல்லி, முன்சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, சீட் நகரும் தண்டவாளத்துக்குள் விரலை விட்டு, ஒரு சின்ன மணியை எடுத்தார். காவடியில் தொங்கவிடும் மணி. பேரன் காவடி எடுத்தபோது காவடியை அந்தக் காரில்தான் ஏற்றி வந்தார்கள்.

பெரியவர் மணியைக் கையில் வாங்கிப் பார்த்தார். நன்றி சொல்லவில்லை. "உன்னை யாரு தேடச் சொன்னது?" என்று மட்டும் கேட்டார். அன்று மத்தியானமே அவரை ஒரு நாசி கண்டார் சோற்றுக்கடையில், ஆட்டுக் குழம்பும் அவித்த முட்டையுமாகப் பார்த்ததாக மகளே சொன்னாள்.

பின்னால் நான் அக்காவிடம் கேட்டேன், தெரிந்தும் தெரியாத மாதிரி விட்டிருக்கலாமே, பாவம், நல்ல வழியில்தானே போய்க்கொண்டிருந்தார் என்று. அக்காவுக்குக் கேள்வியே புரியவில்லை. சத்தம் கேட்டதே, எப்படி விடுவது என்றார்.

அதுதான் அவர். கேட்டுவிட்டால் விட முடியாது. மாமியார் வீட்டு ஃபேனானாலும் சரி, பிரேத வண்டியானாலும் சரி. எதிர்பிளாக்கில் ஒரு சாவு வீட்டில் எல்லாரும் அழுதுகொண்டிருந்தபோது, பிரேத வண்டி டிரைவரின் காதில் போய் பின்சக்கரத்தைப் பற்றிச் சொன்னவர் அவர். டிரைவர் பயந்துபோய், முதலில் அதைப் பார்க்கிறேன் என்று கிளம்பத் தாமதமாகி, ராகுகாலம் பிடித்துக்கொண்டு பெரிய ரகளை. அக்காவை இரண்டு மாதம் யாரும் எந்தக் காரிலும் ஏற்றவில்லை. பிறகு ஒவ்வொரு காராகச் சத்தம் போட ஆரம்பித்தது. ஒவ்வொருவராக அசடு வழிய வந்தார்கள்.

ஒருநாள் நான் பாலம் தாண்டி நிபோங் திபால் பக்கம் கிளினிக்குகளுக்குப் போக வேண்டியிருந்தது. அக்காவின் தங்கை அங்கே இருந்ததால் அவரும் வந்தார். பாலத்தின் நட்டநடுவில், சுற்றிலும் கடல், என் காரில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. நான் உடனே ஓரம் கட்டப் போனேன். அக்கா ஸ்டியரிங்கின் மேல் கையை வைத்தார்.

"நிறுத்தாதீங்க. நிறுத்தினா திரும்ப ஸ்டார்ட் ஆகாது. சிவப்புல இது ஒண்ணுதான் கொஞ்ச தூரம் ஓடவிடும்."

ஏர்கானை அடைக்கச் சொன்னார். ரேடியோ, ஃபோன் சார்ஜர் எல்லாவற்றையும் பிடுங்கினார். கண்ணாடியை இறக்கச் சொல்லி, வெப்பமானி முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள், அது ஏறினால் சொல்லுங்கள் என்றார். பெல்ட் வழுக்குகிறதாம். கெலுகோரில் ஏறும்போதே கீச்சென்று கேட்டதாம். பிறகேன் சொல்லவில்லை என்று கத்தினேன். கிளம்பும்போதே சொன்னாராம், நான்தான் நேரமாகிவிட்டது என்று சொல்லி ரேடியோவைத் திறந்துவிட்டேனாம். உண்மைதான்.

கண்ணாடி இறங்கியதும் பாலத்தின் சத்தம் உள்ளே வந்தது. பாலத்தின் துண்டுகள் சேருமிடத்தில் சக்கரம் ஏறி இறங்கும் 'தடக்... தடக்'. நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்ட, அக்கா அந்தத் தடக்குக்கு முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டு வந்தார். லைசன்ஸ் எடுத்ததும் முதல் வேலையாக இந்தப் பாலத்தில் தனியாக ஓட்டிப் போகவேண்டும் என்றார். பின்சீட்டில் கேட்பது வேறாம், ஓட்டுகிறவருக்கு அது ஸ்டியரிங் வழியாகக் கைக்கு வருமாம். அது எப்படி இருக்கும் என்று என்னிடம் கேட்டார். பத்து வருஷமாக அந்தப் பாலத்தில் போய் வருகிறவன், நான் ஒருநாளும் கவனித்ததில்லை. வெட்கத்தை மறைக்க, நன்றாக இருக்கும் என்று சொல்லிவைத்தேன்.

ஓட்டுவதற்குக் காரும் இருந்தது. அவருடைய கணவர் சிங்கப்பூரில் கிரேன் ஓட்டினார். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார். பிளாட்டுக்குக் கீழே அங்சானா மரத்தடியில் அவர்களுடைய பழைய சாம்பல்நிறக் கார் நின்றது. அக்கா தினமும் காலையில் அதில் போய் உட்கார்ந்து, எஞ்சினைத் திறந்து, பத்து நிமிஷம் கேட்டுவிட்டு, அடைத்துவிட்டு வருவார். அதன் சத்தங்களை எனக்கும் செய்து காட்டியிருக்கிறார். இரண்டே இரண்டுதான். குளிர்ந்த எஞ்சினில் ஒரு சின்னக் கீச்சு, ஏர்கான் போட்டால் ஒரு முனகல். வயசுக்கு அது ரொம்ப நல்ல வண்டி.

கணவர் கடைசியாக வந்தபோது நியாயமாகத்தான் பேசினார். தீபாவளிக்குள் லைசன்ஸ் எடுத்தால் கார் உனக்கு. எடுக்காவிட்டால் தீபாவளிக்கு வரும்போது விற்றுவிடுவேன். ஓட்ட ஆளில்லாத வண்டி காக்கைகளுக்குக் கழிப்பறையாக இருந்தது போதும். அக்கா சரி என்றார். சொன்னதோடு ஓட்டுநர் பள்ளியில் பெயரையும் கொடுத்தார்.

படிப்பில் அவரை யாரும் அசைக்க முடியாது. டெஸ்டில் பானெட்டைத் திறந்து எஞ்சின் எண்ணெய் எங்கே என்று காட்டச் சொல்வார்கள். அக்கா காட்டியதோடு நிற்காமல், குச்சியை உருவிப் பார்த்து, இந்த எண்ணெயை மாற்றி ரொம்ப நாளாகிறது என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டு வந்தார். மேடு, பார்க்கிங் எல்லாம் தேறினார். சாலையில் ஓட்டிக்காட்டுவதுதான் வினை.

முதல் தரம், ஓட்டிக்கொண்டிருக்கும்போதே இடது பின்சக்கரத்தில் ஊ என்று ஓர் ஊளை. அக்கா சாலையோரம் நிறுத்தி, நீங்களே கேளுங்கள் என்று அதிகாரியைப் பின்சீட்டுக்குப் போய் உட்காரச் சொன்னார். அந்த மனிதர் உண்மையிலேயே போய் உட்கார்ந்து, அக்கா ஓட்டக் கேட்டார். ஆமாம், பேரிங் போய்விட்டது என்று மலாயில் ஒத்துக்கொண்டு, ஃபெயில் போட்டார்.

இரண்டாம் தரத்துக்கு நான் யோசனை சொன்னேன். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். வைத்துக்கொண்டார். அதிகாரி வலது பக்கம் திரும்பச் சொல்ல, அக்கா நேரே போனார். மறுபடி சொல்ல, மறுபடி நேரே போனார். அந்த மனிதர் கடைசியில் கையைக் காலை ஆட்டித்தான் வண்டியை நிறுத்தினாராம். பஞ்சு யோசனை என்னுடையது என்பதை அக்கா பிளாட் முழுக்கச் சொல்லிவிட்டார்.

மூன்றாம் தரம் தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால். அதைவிட்டால் அதற்குள் வேறு தேதி இல்லை. முந்தின நாள் அவரை உட்காரவைத்து நானே சத்தியம் வாங்கினேன். எந்தச் சத்தம் கேட்டாலும் வாயைத் திறக்கக்கூடாது. எஞ்சினே கழன்று விழுந்தாலும் விழுந்ததைத் தாண்டி ஓட்டவேண்டும். சரி என்றார். காலையில் நானே ஓட்டுநர் பள்ளிக்குக் கொண்டு போய் விட்டு, காத்திருந்தேன்.

அக்கா ஓட்டிக்கொண்டு திரும்பி வந்தார். அழகாக நிறுத்தினார். அதிகாரி தாளில் எழுதப் பேனாவை எடுப்பதை நான் தூரத்திலிருந்து பார்த்தேன். அப்புறம் அக்காவின் உதடு ஒரு பக்கமாகக் கோணுவதையும் பார்த்தேன். தலையில் அடித்துக்கொண்டேன்.

பிரேக். இரும்பில் இரும்பு உரசுகிறது என்று சொல்லியிருக்கிறார், செய்தும் காட்டியிருக்கிறார். அதிகாரி தானே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு முகம் வெளிறி வந்தார். அந்தக் காரை அப்படியே ஓரங்கட்டச் சொன்னார். ஓட்டுநர் பள்ளிக்காரரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார். அக்காவிடம் ரொம்ப மரியாதையாக, பழுதான வண்டியில் நடந்த டெஸ்டைக் கணக்கில் எடுக்க முடியாது, அடுத்த தேதிக்கு வாருங்கள் என்றார். அடுத்த தேதி தீபாவளி முடிந்து இரண்டு வாரம் கழித்து.

எனக்கு உண்மையான கோபம் வந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் திட்டினேன். ஒரே ஒரு கையெழுத்து, அரை நிமிஷம், வாயை மூடிக்கொண்டிருந்தால் கார் கையில். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி அழுதார் என்று நினைக்கிறேன்.

"அடுத்து அதுல ஏறப் போனது ஒரு சின்னப் பொண்ணு, தம்பி. என்னைப் பாத்து ஆல் தெ பெஸ்ட் சொல்லுச்சு."



கணவர் தீபாவளிக்கு நான்கு நாள் முன்னால் வந்தார். பேச்சு பேச்சுதான். மறுநாளே கார் பார்க்க ஆள் வந்தது. பட்டர்வொர்த்திலிருந்து ஒரு நடுவயதுக்காரரும் அவர் மனைவியும். மனைவிக்குத்தான் கார். போன மாதம் லைசன்ஸ் எடுத்தாளாம், முதல் தரத்திலேயே. அதை அவர் இரண்டு தடவை சொன்னார்.

அந்தப் பெண் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, சீட்டை முன்னுக்கு இழுத்துக்கொண்டாள். கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். அக்கா படிக்கட்டுப் பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார்கள். வந்தவருக்கு ரொம்பத் திருப்தி. வண்டி வெண்ணெய் மாதிரி இருக்கிறது, சத்தம் கித்தம் ஏதாவது உண்டா என்று கேட்டார். அக்காவின் கணவர் ஒன்றும் கிடையாது என்றார். அந்தப் பெண் அதோடு விடாமல், அக்காவைப் பார்த்து, வீட்டுக்காரம்மா நீங்க சொல்லுங்கக்கா, சத்தம் இருக்கா என்றாள்.

அக்கா கண்ணை மூடினார். உதடு கோணியது. நான் அந்தக் கீச்சையும் முனகலையும் எதிர்பார்த்தேன்.

வந்தது வேறு. அடிவயிற்றில் தொடங்கிய ஒரு கரகரப்பு, மேலே வர வர இரண்டாகப் பிரிந்து, ஒன்று பல்லை நறநறவென்று கடிக்க, இன்னொன்று விம்மி விம்மி, கடைசியில் எல்லாம் சேர்ந்து 'டங்' என்று எங்கேயோ விழுந்தது. மரத்திலிருந்த காக்கை இரண்டு எழும்பிப் பறந்தன. நான் அக்கா செய்த சத்தங்களை மூன்று வருஷமாகக் கேட்டு வந்தவன். அந்தக் காரில் அது கிடையாது. எந்தக் காரிலும் அது கிடையாது. இல்லாத சத்தத்தை ஒரு பொட்டுகூடச் சேர்க்காத மனுஷி, முழுசாக ஒன்றைப் பெற்று எங்கள் முன்னால் போட்டிருந்தார்.

அந்தப் பெண் மெதுவாகக் காரிலிருந்து இறங்கினாள். அவள் கணவர் என் பக்கம் திரும்பி, நீங்களும் கேட்டிருக்கீங்களா தம்பி என்றார். அக்கா என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

"மழை நாள்ல மட்டும், அண்ணே," என்றேன்.

அவர்கள் கார் வேண்டாம் என்று போன பிறகு அக்காவின் கணவர் எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த நல்ல மனிதர் அதை நம்பிவிட்டார். பெண்டாட்டி காதில் விழுந்தால் அது இருக்கத்தான் வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. தீபாவளிக்கு முறுக்குச் சுடும் வாசனைக்கு நடுவே, கண்ணாடியை இறக்கிவிட்டு, கெலுகோர் முழுக்க அந்தக் காரை ஓட்டி ஓட்டிக் கேட்டார். மேடு ஏறினார், பள்ளம் இறங்கினார், ரிவர்ஸில் போனார். ஒருமுறை மழை தூறியபோது குடையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் வண்டியை எடுத்தார். தவுக்கேயிடமும் கொண்டு போனாராம். தவுக்கே அரை மணி நேரம் பார்த்துவிட்டு, உன் பெண்டாட்டியைக் கூட்டி வா என்று அனுப்பிவிட்டார்.

தீபாவளியன்று காலை நான் பலகாரத் தட்டோடு அவர்கள் வீட்டுக்குப் போனபோது கணவர் அப்போதுதான் இன்னொரு சுற்று ஓட்டிவிட்டு உள்ளே வந்தார். புதுச் சட்டை வியர்த்து முதுகோடு ஒட்டியிருந்தது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அக்காவின் எதிரில் நின்றார்.

"நானும் மூணு நாளா தேடுறேன் லா. அந்தச் சத்தம் காடியில எங்கேருந்துதான் வருது?"

அக்கா என் தட்டை வாங்கி வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்தார். இந்தத் தரம் கண்ணை மூடவில்லை, அவரை நேராகப் பார்த்தார்.

"எனக்கு லைசன்ஸ் கிடைச்சா நின்னுடும்."

கணவர் சாவியை மேசையில், அக்காவின் பக்கமாக வைத்துவிட்டு, அடுத்த டெஸ்ட் என்றைக்கு என்று கேட்டார்.